தரகு நிறுவனத்தில் ஆர்டர் மென்பொருளை மாற்றுவது எப்படி: திங்கள் காலை 9:15-லிருந்து பின்னோக்கி ஒரு திட்டம்

இந்தியப் பங்குச் சந்தையில் இயங்கும் தரகு நிறுவனம் தன் ஆர்டர் மென்பொருளையும் அதோடு ஒட்டிய ரிஸ்க் மென்பொருளையும் (ஓஎம்எஸ், ஆர்எம்எஸ்) மாற்றும்போது, அட்டவணை பெரும்பாலும் ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளில் தொடங்கி முன்னோக்கி நகரும். வழியில் வரும் தாமதமெல்லாம் கடைசிக்குத் தள்ளப்பட்டு, சோதனைக்கு ஒதுக்கிய நாட்களைத் தின்றுவிடும். இங்கே சொல்லும் முறை அதற்கு நேர்மாறானது. புதிய மென்பொருளின் முதல் திங்கட்கிழமை, சந்தை திறக்கும் காலை 9:15-க்கு ஒரு கிளையன்ட் தன் பங்கை விற்க ஆர்டர் போடுகிறார். அவருடைய பங்கு எண்ணிக்கையும் மார்ஜினும் (வர்த்தகத்துக்கு ஈடாக வைக்கும் தொகை) திறந்த பொசிஷனும் (இன்னும் மூடாத வர்த்தக நிலை) அந்த நொடியில் சரியாக இருக்க என்னென்ன நடந்திருக்க வேண்டும்? சரியாக இல்லையென்றால் எந்த வழியில் பழையதற்குத் திரும்புவது? இந்த இரண்டுக்கும் விடை எழுதி முடித்த பிறகே மற்ற வேலைகளுக்குத் தேதி போடுங்கள். இரண்டாவது கேள்வியை எல்லோரும் கடைசி மாதத்துக்கு ஒத்திவைக்கிறார்கள். அது முதல் மாத வேலை.

எதை மாற்றாமல் விடுவது

சந்தைக்கு ஆர்டரை அனுப்பும் ஆர்டர் மென்பொருள், ஆர்டருக்குப் போதிய பணமும் பங்கும் உண்டா என்று பார்க்கும் ரிஸ்க் மென்பொருள், கிளையன்ட் பார்க்கும் செயலி, கணக்குகளை வைத்திருக்கும் பேக் ஆபீஸ் என்று நான்கு பாகங்கள். விற்பனையாளர் நான்கையும் ஒரே கட்டாகத் தருவார், விலையும் அப்படித்தான் குறையும். வாங்குவதை ஒன்றாக வாங்கலாம், இயக்குவதை ஒன்றாக இயக்காதீர்கள். குறிப்பாக, ரிஸ்க் மென்பொருள் மாறும் அதே காலாண்டில் பேக் ஆபீஸைத் தொடக்கூடாது. புதிய ரிஸ்க் கணக்கு சரியா என்று எதை வைத்துச் சரிபார்ப்பீர்கள்? பேக் ஆபீஸ் கணக்கை வைத்துத்தான். அளவுகோலும் அளக்கப்படுவதும் ஒரே நேரத்தில் மாறினால், வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

பெரிய நிறுவனங்களும் இதில் இடறியிருக்கின்றன. ஆஸ்திரேலியப் பங்குச் சந்தை தன் செட்டில்மென்ட் (பணமும் பங்கும் கைமாறும்) அமைப்பான செஸ்ஸுக்கு மாற்றாக பிளாக்செயின் அடிப்படையிலான ஒன்றை 2017 டிசம்பரில் அறிவித்தது. தேதிகள் பலமுறை தள்ளிப்போய், 2022 நவம்பரில் வேலையை நிறுத்தி, 24.5 முதல் 25.5 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை செலவைக் கணக்கிலிருந்து கழித்தது. அடுத்து வகுத்த திட்டத்தில் கிளியரிங் (யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்ற கணக்கு) முதலில், செட்டில்மென்ட் பிறகு என்று இரண்டு கட்டமாகப் பிரித்துக்கொண்டார்கள்.

பிரிப்பது எப்படி? முதலில் தோன்றும் வழி செக்மென்ட் (சந்தைப் பிரிவு) வாரியாகப் பிரிப்பது: கரன்சி முதலில், கேஷ் (பங்குகளை நேரடியாக வாங்கி விற்பது) அடுத்து, எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர், ஆப்ஷன் ஒப்பந்தங்கள்) கடைசியில். பார்க்க எளிது, ஆனால் ஆபத்தானது. ஒரு கிளையன்டின் ஒரு லட்ச ரூபாய் இருப்பு, புதிய மென்பொருளில் கேஷ் பக்கமும் பழைய மென்பொருளில் எஃப் அண்ட் ஓ பக்கமும் ஒரே நேரத்தில் ‘கைவசம் உள்ளது’ என்று தெரியும். அவர் ஒரே பணத்தை இரண்டு முறை பயன்படுத்திவிடுவார். ஆகவே கிளையன்ட் வாரியாகப் பிரியுங்கள்: ஒரு கிளையன்ட் கோடு (வாடிக்கையாளர் எண்) எந்த நாளிலும் முழுதாக ஒரே மென்பொருளில்தான் இருக்க வேண்டும். முதலில் ஊழியர்களின் சொந்தக் கணக்குகள் ஐம்பது. பிறகு இரண்டு கிளைகள், அதில் ஒன்றாவது டீலர் மூலம் ஆர்டர் போடும் வயதான கிளையன்டுகள் நிறைந்ததாக இருக்கட்டும். பிறகு கால்பங்கு, பிறகு மீதி. இதற்கு உள்நுழையும் இடத்திலேயே கிளையன்ட் கோடைப் பார்த்து வழி பிரிக்கும் ஒரு சிறு பகுதி தேவை. அதைக் கட்ட இரண்டு மூன்று வாரம் ஆகும். அந்தப் பகுதியே பிற்பாடு திரும்பும் வழியாகவும் பயன்படும்.

செயலியிலும் இதே எச்சரிக்கை தேவை. எந்த சர்வரோடு பேசுவது என்பதைச் செயலிக்குள் பொறிக்காதீர்கள். உங்கள் பக்கத்திலிருந்தே மாற்றும்படி வையுங்கள். கிளையன்டின் கைபேசிக்குப் போய்விட்ட புதிய பதிப்பை ஞாயிறு இரவு திரும்பப் பெற முடியாது.

தேதி

நாட்காட்டியில் முதலில் ஆகாத நாட்களை அடியுங்கள்: மாதாந்திர எக்ஸ்பைரி (ஃபியூச்சர், ஆப்ஷன் ஒப்பந்தங்கள் முடியும் நாள்) வாரம், பட்ஜெட் வாரம், ரிசர்வ் வங்கியின் கொள்கை அறிவிப்பு, தேர்தல் முடிவு நாள், ரன்னிங் அக்கவுன்ட் செட்டில்மென்ட் நாள் (கிளையன்டின் பயன்படாத பணத்தைத் திருப்பித் தரும் நாள்), லாட் அளவு (ஒரு ஒப்பந்தத்திலுள்ள எண்ணிக்கை) மாறும் வாரம், மார்ச் கடைசி இரண்டு வாரமும் ஏப்ரல் முதல் வாரமும். மூன்று நாள் விடுமுறை கிடைத்தால் வசதிதான், ஆனால் எந்த நாள் விடுமுறை என்று பாருங்கள். 2025 செப்டம்பர் முதல் என்எஸ்இ (தேசியப் பங்குச் சந்தை) எக்ஸ்பைரி செவ்வாய்க்கும் பிஎஸ்இ (மும்பைப் பங்குச் சந்தை) எக்ஸ்பைரி வியாழனுக்கும் வந்துவிட்டது. திங்கள் விடுமுறையென்றால் புதிய மென்பொருளின் முதல் நாளே என்எஸ்இ-யின் நிஃப்டி குறியீட்டு எக்ஸ்பைரி ஆகிவிடும். வெள்ளி விடுமுறை விழும் வாரமே நல்லது. பொருள் சந்தையிலும் உறுப்பினர் என்றால், எம்சிஎக்ஸ் இரவு 11:30 அல்லது 11:55 வரை ஓடுவதை நினைவில் வையுங்கள். அங்கே வெள்ளிக் கணக்கு முடிவது சனிக்கிழமை அதிகாலையில்தான்.

சந்தையிடம் வாங்க வேண்டிய ஒப்புதல், யூசர் ஐடி, ஐபி பதிவு எல்லாவற்றையும் குறைந்தது ஆறு வாரம் முன்பே தொடங்குங்கள். ஒரே யூசர் ஐடியில் இரண்டு மென்பொருளும் ஒரே நேரத்தில் உள்நுழைய முடியாது. பழையதை உயிரோடு வைத்திருக்கத் தனி ஐடிகள் வேண்டும். இதைப் பலர் கடைசி வாரத்தில்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

தரவு: பிழைகள் ஒளியும் இடங்கள்

கான்ட்ராக்ட் மாஸ்டர் (வர்த்தகமாகும் ஒப்பந்தங்களின் பட்டியல் கோப்பு) தினமும் காலையில் புதிதாக வரும். அதிலுள்ள டோக்கன் எண்ணை நிரந்தர அடையாளமாக நம்பி பழைய பொசிஷன்களை மாற்றாதீர்கள். சந்தை, அடிப்படைப் பங்கு, எக்ஸ்பைரி தேதி, ஸ்டிரைக் (ஒப்பந்த விலை), கால் (வாங்கும் உரிமை) அல்லது புட் (விற்கும் உரிமை) என்ற ஐந்தையும் சேர்த்துத்தான் ஒரு ஆப்ஷனை அடையாளம் காண வேண்டும். பங்குக்கு சிம்பலோடு சீரிஸும் (அது வர்த்தகமாகும் வகை) வேண்டும். ஈக்யூ சீரிஸிலிருந்த பங்கு பிஈ-க்கு மாறினால் அன்றைக்கு இன்ட்ராடே (அன்றே வாங்கி விற்பது) கிடையாது, டெலிவரி மட்டும்தான். சீரிஸை விட்டுவிட்டுப் பொருத்திய மென்பொருள் இன்ட்ராடே ஆர்டரை ஏற்றுக்கொள்ளும்.

விலையைச் சந்தை பைசாவில் முழு எண்ணாக அனுப்புகிறது. என்எஸ்இ கரன்சி செக்மென்டில் மட்டும் விலை ஒரு கோடியால் பெருக்கி வரும். நேரத்தை என்எஸ்இ 1980 ஜனவரி 1-லிருந்து நொடிக் கணக்காக எண்ணுகிறது, கணினி உலகம் வழக்கமாக 1970-லிருந்து எண்ணும். இடையிலுள்ள வித்தியாசம் 31,55,32,800 நொடிகள். இதைக் கூட்ட மறந்தால் எக்ஸ்பைரி தேதி பத்து வருடம் முன்னால் போய் நிற்கும், எல்லா ஆப்ஷனும் காலாவதியானதாகத் தெரியும். அப்படி முழுதாக உடைந்தால் உடனே கண்ணில் பட்டுவிடும், அதில் பெரிய கவலையில்லை. கவலை, திரையில் ஒரு இடத்தில் சரியாகவும் ஆட்டோ ஸ்கொயர் ஆஃப் (பொசிஷனைத் தானாக மூடுவது) ஓடும் இடத்தில் தவறாகவும் இருப்பதில். நேரத்தையும் விலையையும் மாற்றும் வரிகள் மென்பொருளில் எத்தனை இடத்தில் இருக்கின்றன என்று விற்பனையாளரிடம் கேளுங்கள். ‘ஒரே இடம்’ என்ற பதில்தான் ஏற்கத்தக்கது.

பங்கு இருப்பை டெபாசிட்டரி (பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் அமைப்பு) கோப்பிலிருந்து மட்டும் எடுத்தால் இரண்டு பிழை வரும். இந்தியாவில் 2023 ஜனவரி 27 முதல் எல்லாப் பங்குக்கும் டி பிளஸ் 1, அதாவது வர்த்தகத்துக்கு அடுத்த வேலை நாளில் செட்டில்மென்ட். வெள்ளியன்று வாங்கியது திங்களன்றுதான் டீமேட்டுக்கு வரும், சனிக்கிழமைக் கோப்பில் இருக்காது. திங்கள் காலை கிளையன்ட் அதை விற்கப் போனால் ‘பங்கு இல்லை’ என்று மென்பொருள் மறுக்கும். மறுபக்கம், வெள்ளியன்று விற்ற பங்கு கணக்கை விட்டு இன்னும் போயிருக்காது, பிளாக் ஆகி நிற்கும். பிளாக் அளவைக் கழிக்காமல் ஏற்றினால் அதே பங்கை திங்களன்று இரண்டாவது முறை விற்க முடியும். முடிவு ஏலம் (தராத பங்கைச் சந்தை வேறொருவரிடம் வாங்குவது), நஷ்டம், தகராறு. எனவே சூத்திரம் இது: டெபாசிட்டரி இருப்பு, கழித்தல் பிளாக் ஆனது, கூட்டல் வெள்ளியன்று வாங்கி வரவேண்டியது. அடகு வைத்த பங்குகள் தனிக் கணக்கு, அவற்றுக்கு ஹேர்கட் (விலை விழலாம் என்பதற்காகக் குறைக்கும் சதவீதம்) கழித்த மதிப்பு.

ஜிடிடி ஆர்டர்கள் (குறித்த விலை வந்தால் மட்டும் தூண்டப்படுபவை) சந்தையில் இல்லை, உங்கள் சர்வரில்தான் காத்திருக்கின்றன. அவற்றை மாற்றும்போது நிபந்தனையோடு நிலையையும் மாற்ற வேண்டும். வெள்ளியன்று ஏற்கெனவே தூண்டப்பட்டு முடிந்தது திங்களன்று மறுபடி தூண்டப்படக்கூடாது. சந்தை நேரத்துக்குப் பிந்தைய ஆர்டர்களை அந்த வார இறுதிக்கு மூடிவிடுங்கள், ஒரு வாரம் முன்பே கிளையன்டுகளுக்குச் சொல்லிவிடுங்கள். இரண்டு மென்பொருளும் ஒரே ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு 9:00 மணிக்கு அனுப்பினால் ஒன்றுக்கு இரண்டாகும்.

சரிபார்ப்பில் மொத்தத் தொகை பொருந்தியதென்று நிம்மதி அடையாதீர்கள். ஒருவருக்குக் கூடியது இன்னொருவருக்குக் குறைந்தாலும் மொத்தம் பொருந்தும். கிளையன்ட் வாரியாக, ஸ்கிரிப் (பங்கு) வாரியாகப் பாருங்கள். எண்ணிக்கையில் பூஜ்ய வித்தியாசம். பணத்தில் ஒரு கிளையன்டுக்கு ஒரு ரூபாய் வரை, அதுவும் பைசா வட்டமாக்கலால் என்று காரணம் காட்டினால் மட்டும். எஃப் அண்ட் ஓ பொசிஷனைப் பழைய மென்பொருளோடு ஒப்பிடுவதோடு நிற்காமல் கிளியரிங் கார்ப்பரேஷனின் பொசிஷன் கோப்போடும் ஒப்பிடுங்கள்.

நிழல் ஓட்டம்

பத்து வர்த்தக நாட்களின் ஆர்டர் பதிவை அப்படியே எடுத்து புதிய ரிஸ்க் மென்பொருளுக்கு ஊட்டுங்கள். அந்தப் பத்தில் இரண்டு சந்தைகளின் எக்ஸ்பைரி நாளும் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஆர்டருக்கும் பழையது ஏற்றதா மறுத்ததா, புதியது என்ன சொல்கிறது என்று வரிசையாக ஒப்பிடுங்கள். வித்தியாசங்களைப் புதியது தவறு, பழையது தவறு, விதியைப் படித்த விதம் வேறு என்று பிரித்தால், நடுவிலுள்ளதுதான் அதிகம் தொல்லை தரும். பழையது பல வருடம் தவறாகத் தளர்த்தி அனுமதித்ததைப் புதியது சரியாக மறுக்கும். கிளையன்டுக்கு அது ‘புதிய ஆப் கெட்டுவிட்டது’ என்றுதான் தோன்றும். அப்படிப்பட்ட கிளையன்டுகளின் பட்டியலை எடுத்து டீலர்களிடம் கொடுத்து முன்கூட்டியே பேசச் சொல்லுங்கள்.

பீக் மார்ஜின் (நாளின் உச்ச மார்ஜின்) விதியில் கிளியரிங் கார்ப்பரேஷன் ஒரு நாளில் குறைந்தது நான்கு முறை, நேரம் சொல்லாமல் பொசிஷனைப் படம் பிடிக்கிறது. 2021 செப்டம்பர் முதல் முழு மார்ஜினும் முன்னதாகவே இருக்க வேண்டும். ஆகவே நாள் முடிவில் கணக்கு பொருந்துவது போதாது, நாள் நடுவிலும் பொருந்த வேண்டும். ஸ்பான் கோப்பு (மார்ஜினைக் கணக்கிடும் அளவுகள்) நாளுக்குப் பல முறை வரும். ஒவ்வொன்றையும் புதிய மென்பொருள் ஏற்றியதா, ஏற்றும் சில நொடிகளில் வந்த ஆர்டரை எந்தக் கோப்பின்படி கணக்கிட்டது என்று பதிவில் பாருங்கள்.

சுமை

நாளுக்கு எத்தனை ஆர்டர் என்ற எண் திட்டத்துக்கு உதவாது. உச்ச நொடியில் எத்தனை என்பதே தேவை. தரகர்களின் தொழில்நுட்பக் கோளாறுகள் பற்றிய செபியின் 2022 நவம்பர் சுற்றறிக்கை, காலாண்டில் கண்ட உச்ச சுமையைப் போல ஒன்றரை மடங்கு திறன் கேட்டது. உச்ச நொடியில் 2,000 வந்திருந்தால் 3,000 தாங்க வேண்டும். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், திட்டம் தொடங்கும் நாளில் நடப்பிலுள்ள சுற்றறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆர்டர் இயந்திரம் பெரும்பாலும் தாங்கிவிடும். விழுவது உள்நுழைவு. 8:55-க்கும் 9:15-க்கும் இடையில் எல்லோரும் ஒன்றாக வருவார்கள். கடவுச்சொல் சரிபார்ப்பு, ஓடிபி அனுப்பும் நிறுவனத்தின் வேக வரம்பு, தரவுத்தள இணைப்புகளின் எண்ணிக்கை எல்லாம் அப்போது சோதிக்கப்படும். சுமைச் சோதனையை 9:15-இல் தொடங்காமல் உள்நுழைவிலிருந்தே நடத்துங்கள்: இருபது நிமிட உள்நுழைவு, அறுபது நொடி ஆர்டர் மழை, பிறகு குறியீடு திடீரென்று மூன்று சதவீதம் விழுவதாக விலைகளை ஊட்டி ஸ்டாப் லாஸும் (நஷ்டத்தை நிறுத்தப் போட்டுவைத்த ஆர்டர்) ஆட்டோ ஸ்கொயர் ஆஃபும் ஒன்றாகத் தூண்டப்படுவதைப் பாருங்கள். சோதனைக்காகத் திறந்துவைத்த விரிவான பதிவெழுத்தை நேரலைக்கு முன் மூட மறக்காதீர்கள். டிஸ்க் நிரம்பி அதனாலேயே அமைப்பு நிற்கும்.

நிறுவும் நாள் ஒழுங்கு

2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேபிட்டலுக்கு நடந்ததை இந்த வேலை செய்யும் ஒவ்வொருவரும் வரி வரியாகப் படித்திருக்க வேண்டும். எட்டு சர்வர்களில் ஏழில் புதிய நிரல் ஏறியது, ஒன்றில் ஏறவில்லை. பழைய, பல வருடம் பயன்படாத ஒரு செயல்பாட்டுக்கு உரிய கொடியை (ஒன்றை இயக்கும் அடையாளக் குறி) புதிய வேலைக்கு மறுபடி பயன்படுத்தியிருந்தார்கள். அந்த எட்டாவது சர்வரில் கொடி ஏறியதும் பழைய செயல்பாடு விழித்துக்கொண்டது. 212 சிறு ஆர்டர்களிலிருந்து 45 நிமிடத்தில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வர்த்தகங்கள், 154 பங்குகளில். இழப்பு 46 கோடி டாலருக்கும் மேல். சந்தை திறக்கும் முன்பே அமைப்பு 97 எச்சரிக்கை மின்னஞ்சல்களை அனுப்பியிருந்தது, அவற்றை எச்சரிக்கையாக யாரும் நடத்தவில்லை. பதற்றத்தில் சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை நீக்க, கோளாறு எட்டுக்கும் பரவியது.

இதிலிருந்து உங்கள் பட்டியலுக்கு வர வேண்டியவை: ஒவ்வொரு சர்வரிலும் நிரலின் செக்சம் (நிரல் ஒன்றுதானா என்று காட்டும் எண்) எடுத்து ஒரே தாளில் பக்கம் பக்கமாக ஒட்டி, நிறுவியவரல்லாத ஒருவர் கையெழுத்திடுவது. பயன்படாத நிரலை நேரலைக்கு முன்பே நீக்குவது. பழைய கொடியை மறுபடி பயன்படுத்தத் தடை. எச்சரிக்கைகள் மின்னஞ்சலுக்குப் போகாமல் காலை 8 முதல் ஒருவர் கண் முன்னால் இருக்கும் திரைக்குப் போவது. எல்லாவற்றுக்கும் மேல், ஆர்டர் வெளியேறும் வாசலில் நிமிடத்துக்கு இத்தனை கோடி ரூபாய் தாண்டினால் தானாக மூடும் ஒரு வரம்பு. அது ஓஎம்எஸ்ஸின் பகுதியாக இல்லாமல் தனியாக ஓட வேண்டும்.

மாற்று மையம் இருக்கிறது என்பதும் அது வேலை செய்யும் என்பதும் வேறு வேறு. டோக்கியோ பங்குச் சந்தை 2020 அக்டோபர் 1 அன்று நாள் முழுக்க மூடிக்கிடந்தது. சேமிப்புச் சாதனத்தின் நினைவகம் பழுதானபோது மாற்றுச் சாதனம் தானாகப் பொறுப்பேற்றிருக்க வேண்டும், ஒரு செட்டிங் தவறாக இருந்ததால் ஏற்கவில்லை. 2021 பிப்ரவரி 24 அன்று என்எஸ்இ 11:40-க்கு நின்று மாலை 3:45-க்குத்தான் மீண்டது. அன்றும் மாற்று மையம் இருந்தது, அதற்கு மாறவில்லை. சனிக்கிழமைகளில் சந்தைகள் நடத்தும் மாக் (ஒத்திகை) வர்த்தகத்தில் குறைந்தது இரண்டைப் பயன்படுத்துங்கள்: ஒன்று முதன்மை மையத்திலிருந்து, அடுத்தது நடுவில் முதன்மை மையத்தின் மின் இணைப்பை உண்மையாகவே துண்டித்து. மாக் தொடங்கும் முன் தரவுத்தளத்தின் நகல் எடுத்து, முடிந்ததும் அதை மீட்டு வையுங்கள். மாக் வர்த்தகங்கள் உள்ளேயே தங்கிவிட்டால் திங்களன்று கிளையன்டுக்கு இல்லாத பொசிஷன் தெரியும்.

அந்த வார இறுதி

வெள்ளி விடுமுறை என்று வைத்துக்கொள்வோம். வியாழன் பிஎஸ்இ எக்ஸ்பைரி முடிந்து, அன்றிரவு பேக் ஆபீஸ் கணக்கு மூடியதும் தரவு எடுப்பு. அப்போது மேலே சொன்ன வெள்ளிக் கணக்கு வியாழனுக்குப் பொருந்தும், எக்ஸ்பைரியில் முடிந்த பொசிஷன்கள் நீங்கியதா என்பதும் சேரும். வெள்ளி முழுவதும் சரிபார்ப்பு, வித்தியாசங்களைத் தீர்ப்பது. சனி மாக் இருந்தால் மாக், பிறகு மீட்பு. ஞாயிறு ஊழியர்கள் இருநூறு பேர் தங்கள் கைபேசியிலிருந்து உள்நுழைந்து இருப்பைச் சரிபார்ப்பது. ஞாயிறு மாலை 6 மணிக்கு முதல் முடிவு. திங்கள் காலை 6:30-க்குள் மாஸ்டர், ஸ்பான் கோப்புகள் ஏறியிருக்க வேண்டும், 8:00-க்கு சந்தை இணைப்பு, 8:30-க்குக் கடைசி முடிவு. 9:00-க்கு ப்ரீ ஓபன் (திறப்புக்கு முந்தைய அமர்வு) தொடங்குகிறது, எனவே பழையதற்கு மாறும் வேலை இருபது நிமிடத்துக்குள் முடியும் என்று ஒத்திகையில் கடிகாரம் வைத்து அளந்திருக்க வேண்டும். முடிவெடுப்பவர் ஒருவர், அவருக்கு மாற்று ஒருவர், இருவர் பெயரும் எழுத்தில். எது நடந்தால் திரும்புவது என்பதும் எழுத்தில்: ஒரு எண்ணிக்கை வித்தியாசமாவது தீராமல் இருந்தால், சந்தை இணைப்பில் ஒன்றாவது 8:15-க்கு எழவில்லையென்றால், இப்படி.

9:15-க்குப் பிறகு திரும்புவது வேறு விஷயம். சந்தையில் நிற்கும் ஆர்டர்கள் புதிய மென்பொருளின் எண்ணில் இருக்கின்றன, பழையதற்கு அவை தெரியாது. அதனால் திங்கள் முழுவதும் வர்த்தகக் கோப்பைப் பழைய மென்பொருளுக்கும் ஊட்டிக்கொண்டே இருங்கள். மோசமாகிவிட்டால் வரிசை இது: புதிய ஆர்டரை நிறுத்துவது, நிற்கும் ஆர்டர்களை ரத்து செய்வது, பொசிஷன் பொருந்துகிறதா பார்ப்பது, பிறகே பழையதைத் திறப்பது. இரண்டு மையமும் விழுந்தால், சந்தைகள் சேர்ந்து 2023 அக்டோபரில் கொண்டுவந்த ஐஆர்ஆர்ஏ தளத்தை அழைக்கலாம். அதில் கிளையன்டுகள் இருக்கும் பொசிஷனை மூடவும் நிற்கும் ஆர்டரை ரத்து செய்யவும் முடியும், புதிதாக எதுவும் எடுக்க முடியாது. அதை யார் அழைப்பது, எந்தத் தொலைபேசியிலிருந்து என்பதை முன்பே எழுதி வையுங்கள். கோளாறு அறிக்கையின் படிவத்தைப் பாதி நிரப்பியே வைத்திருங்கள், கெடு மிகக் குறுகியது.

முதல் இரவு பகலைவிட நீளம். கான்ட்ராக்ட் நோட் (அன்றைய வர்த்தக விவரச் சீட்டு) 24 மணி நேரத்துக்குள் போக வேண்டும். அதற்கு முன் நூறு நோட்டுகளைக் கையால் எடுத்து தரகுக் கட்டணம், எஸ்டிடி (பங்கு வர்த்தக வரி), முத்திரைத் தீர்வை, ஜிஎஸ்டி சரிபாருங்கள். அவற்றில் எக்ஸ்பைரியில் எக்ஸர்சைஸ் ஆன (உரிமையைப் பயன்படுத்திய) ஆப்ஷன் எதுவும் இருக்காது, அது செவ்வாய் இரவுதான் முதலில் வரும், அன்றும் உட்காருங்கள்.

பழையதைப் பத்து வர்த்தக நாட்கள் சூடாக வைத்திருந்து, ஒரு மாதாந்திர எக்ஸ்பைரியைப் புதியது தாண்டிய பிறகு சந்தை இணைப்பைத் துண்டியுங்கள். அதன் ஏபிஐ சாவிகளையும் விற்பனையாளரின் தொலை நுழைவையும் அதே நாளில் ரத்து செய்யுங்கள். ஆர்டர் பதிவுகளைக் கிளையன்ட் கோடு வைத்துத் தேடும்படி, படிக்க மட்டும் முடிகிற வடிவில் எடுத்து வைத்துக்கொண்டு, தேடிப் பார்த்து வேலை செய்கிறதென்று உறுதியான பிறகே உரிமத்தைக் கைவிடுங்கள். புகார்கள் மாதக்கணக்கில் கழித்து வரும், அப்போது கேட்கப்படுவது அந்த வியாழனன்று யார் எத்தனை மணிக்கு எந்த ஆர்டரைப் போட்டார் என்பதுதான்.